அரைக்குரலில் பாடச் சொன்னேன்

இந்த ஓபரா இசை நாடகத்தில் என் அக்காதான் நாயகி. நான் அவளுக்கு மாற்று. அவள் தொண்டை மக்கர் பண்ணினால் மட்டும் எனக்கு மேடை. இப்படி ஒரு வேலையை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ!

காலையில் கடைசி ஒத்திகை. உச்ச சுரத்துக்குப் போகும்போதெல்லாம் அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது, தாடை நடுங்கியது. மூச்சின் பலத்தில் எழ வேண்டிய குரலைத் தொண்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வேஷம் தானாக என் மடியில் விழும். கூடப்பிறந்தவள் ஆயிற்றே, மனசு கேட்கவில்லை.

"அக்கா, சாயங்காலம் ஷோ இருக்கு. இப்போ அரைக்குரல்ல பாடு, போதும். எல்லாரும் அப்படித்தானே பாடறாங்க?"

"நான் அடக்கி வாசிச்சா டைரக்டர் உன்னைக் கூப்பிடுவார்னு பாக்கறியா?"

சுருக்கென்றது. எக்கேடோ கெட்டுப் போ என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம் முதல் அங்கம் முடிவதற்குள் அவள் குரல் கரகரத்து, ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. இடைவேளையில் அவள் உடுப்பைக் கழற்றி எனக்கு மாட்டினார்கள். அவள் உடம்புச் சூடு அதில் இன்னும் ஆறவில்லை. அக்கா என் காதருகே வந்து ஏதோ கிசுகிசுக்க ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாயைப் பொத்தினேன்.

"கிசுகிசுக்காத! தொண்டைக்கு அது பேசறத விட மோசம். இருக்கறதையும் தொலைச்சிடாத. சத்தமே கூடாது."

அவள் கண் நிறைந்தது. சமாதானம் சொல்ல நேரமில்லை, மணி அடித்துவிட்டது.

உச்ச சுரம் நெருங்க நெருங்க எனக்குள் ஆத்திரமும் பயமும் ஒன்றாக ஏறின. தோள் தூக்கிக்கொண்டது, தாடை இறுகியது. நானும் கத்தத்தான் போகிறேன் என்று தெரிந்துவிட்டது. பக்கத்திரைக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். நான் சொதப்புவதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கன்னங்களில் வைத்து, தன் தாடையை மெல்லக் கீழே தொங்கவிட்டுக் காட்டினாள். பிறகு கைகளை விலாவுக்கு இறக்கி, அகல விரித்தாள்.

நான் தாடையை விட்டேன். தோள் இறங்கியது, மூச்சு விலாவை விரித்தது. சுரம் தொண்டையைத் தொந்தரவு செய்யாமல் எழுந்து கடைசி வரிசை வரை போனது.

கைதட்டலுக்கு நடுவே திரும்பிப் பார்த்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள், நான் சொன்னபடியே, சத்தமில்லாமல்.