சுவரில் நின்ற பெரியவர்

கனடாவில், பிறம்ரன் நகரக் கிடங்கொன்றில் பெட்டி அடுக்குவது ஸ்ரீதரனுக்கு வயிற்றுப்பாட்டுக்கு. சனி ஞாயிறு மணவறை சோடிப்பதுதான் அவனுக்கு உயிர். இராசரத்தினம் அண்ணை தன் மகளின் கலியாணத்துக்கு அவனைப் பிடித்தபோது அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இது நன்றாக அமைந்தால் ரொறன்ரோவில் அவனை ஒருவராலும் அசைக்க முடியாது. பிழைத்தால் ஏழு நாளும் பெட்டிதான்.

வெக்ஸ்போர்ட் பகுதியில் கலியாணத்துக்கு எடுத்த மண்டபம் ஒரு இத்தாலிக்காரருடையது. மேற்குச் சுவர் முழுக்க ஓவியம். சாம்பல் பச்சையில் ஒலிவ் தோப்பு, வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, மலை உச்சியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் கல்வீடுகள். மலையைக் கண்டறியாத யாழ்ப்பாணத்தானுக்கு அதைப் பார்த்தால் பசி மறந்துபோகும். கெடுத்தது ஒரே ஒரு ஆள். ஒலிவ் மரத்தடியில் ஒரு கிழவர் வைன் கிளாசைத் தூக்கிப் பிடித்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இராசரத்தினத்துக்கு வியர்த்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் ஜெயமலரின் கணவர் போன வருடம் காலமானவர். இருந்தவரை போத்திலும் கையுமாகவே இருந்தவர். குடி என்ற பேச்சே அந்த அம்மாவுக்கு ஆகாது. மணவறையை வேறு சுவருக்கு மாற்றவும் வழியில்லை. மணமக்கள் கிழக்குப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். துணியால் மூடலாமென்றால், சொந்தக்காரர் அலெக்ஸாண்டர் ஓர் ஆணிகூட அடிக்க விடவில்லை. அது அவருடைய தகப்பன் வரைந்த சொந்த ஊராம். கிழவர் பாட்டனாம். சொல்லும்போதே மனிதருக்குக் கண் கலங்கியது.

ஸ்ரீதரன் தலையைச் சொறிந்தான். பிறகு, குலையோடு கூடிய பிளாஸ்ரிக் வாழை ஒன்றைக் கொண்டுவந்து கிழவருக்கு நேர் முன்னால் நிறுத்தினான். இத்தாலித் தோப்புக்கு நடுவே எங்கள் ஊர்க் கதலி குலை தள்ளி நின்றது. வந்தவர்கள் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

கெட்டிமேளம் முழங்கியது. நல்ல கோணம் தேடிப் பின்பக்கம் போன வீடியோக்காரர் வயரில் தடக்கினார். வாழை சரிந்தது. ஐயரின் தலைக்கு மேலே கிழவர் கிளாசோடு சிரித்தார். தாலி ஏறிவிட்டது, ஆனால் சபை பார்த்தது சுவரைத்தான். ஸ்ரீதரன் மணவறைக்குப் பின்னால் ஓடினான்.

ஜெயமலர் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார்.

"உது ஆர்?"

கதவடியில் நின்ற அலெக்ஸாண்டரைக் காட்டி, அவருடைய பாட்டன் என்று ஸ்ரீதரன் முணுமுணுத்தான். வாழையைத் தூக்கக் குனிந்தவனை அவர் கையால் மறித்து, மணவறையில் இருந்த மகனைப் பார்த்தார்.

"விடு தம்பி. இவன்ர தேப்பன் இருந்திருந்தா, இண்டைக்கு உப்பிடித்தான் நிண்டிருப்பார்."

சொல்லிவிட்டு அவர் அழுதார்; அழுதுகொண்டே சிரித்தார். மணமக்கள் பெரியவர்களின் காலில் விழுந்து எழுந்ததும், சுவரையும் ஒருமுறை கும்பிடச் சொன்னார். கதவடியில் அலெக்ஸாண்டர் கைக்குட்டையை எடுத்தார்.

போகும்போது ஜெயமலர் ஸ்ரீதரனைக் கூப்பிட்டு, தை மாதம் தன் மகளுக்கும் கலியாணம், இதே மண்டபம்தான், மணவறையும் அவன்தான் என்றார். வாழை மட்டும் வேண்டாமாம்.