பொங்கல் இல்லாத காலண்டர்

பொன்மணி ஃபிரிட்ஜ் வாங்கியதைக்கூட வேலுத்தாய் மன்னித்துவிட்டாள். ஆனால் வருசா வருசம் கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பொன்மணி குடும்பத்தோடு இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருகிறாளே, அதை மன்னிக்க முடியவில்லை. காலண்டர் சீசன் கழுத்தைப் பிடிக்கிற மாதம் அது. அந்த மாதத்தில் வேலுத்தாய் தலைக்கு எண்ணெய் வைத்தே மூன்று வருசம் ஆகியிருந்தது.

இரண்டு பேரும் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டியவர்கள். 2003இல் ஒரே மாதத்தில் ஆளுக்கொரு தகரக் கொட்டகை போட்டு, சிவகாசி அச்சகம் ஒன்றிலிருந்து காலண்டர் வேலை எடுத்தார்கள். தேதித்தாள்களை வரிசையாகக் கோத்து, கம்பிப் பின் அடித்து, அட்டையில் பொருத்தி அனுப்ப வேண்டும். ஆமத்தூரில் ஒருத்தி மேலத்தெரு, ஒருத்தி கீழத்தெரு. ஆளுக்குப் பதினெட்டுப் பெண்கள். கூலியும் ஒன்று. பிறகு எப்படி அவள் மட்டும் மேலே போனாள்? அவள் ராசி அப்படி என்று வேலுத்தாய் சொல்லிக்கொண்டாள். அச்சகத்துக்காரர்களுக்கு வசிய மருந்து வைத்துவிட்டாள் என்றும் சில நாள் சொன்னாள்.

நான்காவது வருசம் ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்ட கையோடு அச்சகத்து மேனேஜர் தவுபிக் இருவரிடமும் வந்து பேசினான். இரண்டு இடத்துக்கு லோடு அனுப்பி மேய்க்க முடியவில்லை, அடுத்த வருசம் ஒரே இடம்தான், இந்தச் சீசனில் யார் சரக்கு பழுதில்லாமல் தேதிக்குள் வருகிறதோ அவர்களுக்கு முழு ஆர்டரும் என்றான். தோற்கிறவள் கொட்டகையைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

பொன்மணி தன் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் இரண்டு வரி எழுதினாள். 'கார்த்திகைக்குள் ஒரு லட்சம். திரும்பி வருவது ஒன்றுகூட இல்லை.' கோப்பதற்குப் பொறுப்பாக ஒருத்தி, பின் அடிக்க ஒருத்தி, அட்டைக்கு ஒருத்தி, சரிபார்க்க ஒருத்தி என்று நான்கு பேரை வைத்தாள். வேலுத்தாய் சுவரில் ஒன்றும் எழுதவில்லை. அவளுக்கும் ஒரு குறி இருந்தது, பொன்மணிக்கு ஒரு நாள் முன்னால். அது மனசுக்குள்ளேயே இருந்தது. கொட்டகையில் வேறு யாருக்கும் தெரியாது.

மற்றபடி கோப்பதும் அவள்தான், அடிப்பதும் அவள்தான், வேன்காரனோடு சண்டை போடுவதும் அவள்தான். கொட்டகைச் சாவியும் சரக்கு அறைச் சாவியும் அவள் இடுப்பில். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அவளைக் கேட்டுத்தான் எழ வேண்டும். "நான் இல்லேன்னா இங்கன ஒரு துரும்பு அசையாது" என்று பெருமையாகவே சொல்வாள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பொன்மணியின் ரகசியம் கருப்பம்மாள்தான் என்று வேலுத்தாய் ஐப்பசியில் கண்டுபிடித்தாள். அங்கே சரிபார்க்கிறவள் கருப்பம்மாள். அவள் வேண்டாம் என்றால் அந்தக் கட்டு வெளியே போகாது. ரேஷன் கடையில் வைத்து நாளுக்கு இருபது ரூபாய் கூடத் தருவதாகச் சொல்லி அவளை இழுத்தாள். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டிருந்த கருப்பம்மாளும் சரி என்றாள். பொன்மணி கோபப்படுவாள், தெருவில் நின்று கத்துவாள் என்று வேலுத்தாய் நான்கு நாள் காத்திருந்தாள். அவளோ, "நல்லபடியா இரு" என்று சேலை எடுத்துக்கொடுத்து அனுப்பினாளாம்.

கார்த்திகை மாதத்தின் முதல் பத்தாயிரம் காலண்டர் தயாரான அன்று வேன் வாசலில் நின்றது. கருப்பம்மாள் கட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"கட்டுக்கு ஒண்ணு பிரிச்சுப் பாத்துட்டு அனுப்புவோம் மதினி. அரை நாள் குடுங்க."

"அரை நாளா? அங்கன பொன்மணி லோடு ஏத்திக்கிட்டு இருக்கா."

"ஏத்தட்டுமே. பாக்காம அனுப்பக்கூடாது."

"அனுப்பக்கூடாதுன்னு சொல்ல நீ யாரு? இங்கன நான்தான் எல்லாம்."

கருப்பம்மாள் எழுந்து சுவரோரம் போய் நின்றாள். வேன் கிளம்பியது. வேலுத்தாயின் சரக்கு ஒன்றரை மணி நேரம் முந்திச் சேர்ந்தது. அன்று ராத்திரி மூன்று வருசத்தில் முதல் முறையாக அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் அதே வேன் அதே பத்தாயிரத்தோடு திரும்பி வந்தது. கூடவே பைக்கில் வந்த தவுபிக் ஒரு காலண்டரை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"பொங்கலைக் காட்டுங்கக்கா."

அவள் புரட்டினாள். போகி இருந்தது. அடுத்த தாள் மாட்டுப் பொங்கல். நடுவில் தை முதல் தேதியைக் காணோம். பத்தாயிரத்திலும் காணோம்.

விசாரித்தபோது விசயம் சின்னது. அந்தத் தேதிக் கட்டுகள் மட்டும் சரக்கு அறைக்குள் இருந்திருக்கின்றன. ஜனவரித் தாள்களைக் கோத்த அன்று வேலுத்தாய் கொட்டகையை மட்டும் திறந்துவிட்டுச் சாவியோடு சிவகாசிக்கு, காலண்டர் தலையில் அடிக்கிற தகடு வாங்கப் போயிருந்தாள். சும்மா உட்கார்ந்தால் திட்டுவாள் என்று பெண்கள் அந்த ஒன்றை விட்டுவிட்டுக் கோத்திருக்கிறார்கள். வந்ததும் சொல்லலாம் என்றால், வரும்போதே போனில் யாரையோ ஏசிக்கொண்டு வந்தாள். சொல்வது யார் வேலை என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அடுத்த வருச ஆர்டர் பொன்மணிக்கு என்று தவுபிக் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். இந்தப் பத்தாயிரத்தையும் எட்டு நாளில் சரிசெய்து தராவிட்டால் இந்த வருச வேலையும் கிடையாது என்றான்.

அவன் போனதும் வேலுத்தாய் கருப்பம்மாள் மேல் பாய்ந்தாள். பொன்மணி சொல்லிக்கொடுத்துத்தான் இங்கே வந்தாயா என்றாள்.

"அவுக எனக்கு ஒண்ணுமே சொல்லமாட்டாக மதினி" என்றாள் கருப்பம்மாள். "அவுக கோத்த கட்டையே நான் நாலு தடவை திருப்பிப் போட்டுருக்கேன். பேசாம பிரிச்சுக் கோத்துக் குடுப்பாக. நீங்க ஒரு தடவைக்கே என்னை எந்திரிக்க வச்சீக."

வேலுத்தாய் அதை நம்பவில்லை. கருப்பம்மாள் இல்லாமல் மேலத்தெரு நாறிப்போயிருக்கும், அதையாவது கண்ணால் பார்த்தால்தான் வயிறு ஆறும் என்று தோன்றியது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஒன்பதரை மணி வாக்கில் முக்காடு போட்டுக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனாள்.

கொட்டகையில் பொன்மணி இல்லை. இருக்கன்குடிக்குப் போயிருந்தாள். வேலை மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கருப்பம்மாளின் முக்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் ரோஜா, தாயில்பட்டியிலிருந்து ஆமத்தூருக்குக் கல்யாணம் கட்டிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் ஒரு கட்டை ஓரமாகத் தள்ளி, "இது வேணாம்" என்றாள். இரண்டு மடங்கு வயசுள்ளவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனாள். முக்காலி காலியாக ஒரு நாள்கூடக் கிடந்திருக்காது போலிருக்கிறது.

ரோஜா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு வேலுத்தாயைத் தெரியாது.

"வேலை கேட்டு வந்தீகளாக்கா? ஆள் தேவைதான், புது ஆர்டர் வருது. உங்களுக்கு எது வரும்? கோக்கவா, பின் அடிக்கவா?"

"எனக்கு எல்லாம் வரும்" என்றாள் வேலுத்தாய். குரல் தானாகவே நிமிர்ந்துகொண்டது.

ரோஜா கேலி இல்லாமல், உண்மையிலேயே யோசித்தாள்.

"எல்லாத்துக்கும்னு இங்கன ஆள் எடுக்கலையேக்கா" என்றாள்.

வேலுத்தாய் திரும்பி நடந்தாள். கீழத்தெரு வரும்போது மணி பத்தரை. எட்டு நாளில் ஒரு நாளின் காலை போயிருந்தது. கொட்டகை வாசலில் பதினெட்டுப் பெண்களும் கருப்பம்மாளும் வெயிலில் குந்தியிருந்தார்கள். ஏன் உள்ளே போகவில்லை என்று கத்த வாயைத் திறந்தவளுக்கு இடுப்பில் கொட்டகைச் சாவி உறுத்தியது.

கருப்பம்மாள் கையை நீட்டினாள். வேலுத்தாய் முடிச்சை அவிழ்த்து இரண்டு சாவியையும் அந்தக் கையில் வைத்தாள். பொன்மணி இந்நேரம் இருக்கன்குடியில் பொங்கல் இறக்கியிருப்பாள் என்ற நினைப்பு அப்போதும் வந்தது. அப்போதும் வயிறு எரிந்தது.