மூன்றாம் மேசை

உகாண்டாவின் ஃபோர்ட் போர்ட்டலில் என் தட்டச்சுக் கடைக் கணினிகள் மூன்றும் பழையவை. சென்ற மாதம் கணினி வேலை தெரிந்த இளைஞன் அராலி அவற்றில் லினக்ஸை ஏற்றி, திரையில் பக்கங்களை அடுக்கும் மிக இலேசான சாளர மேலாளர் ஒன்றையும் நிறுவினான். இப்போது தேநீர் கொதிப்பதற்குள் கணினி எழுந்துவிடுகிறது; எந்தப் பக்கமும் திணறுவதில்லை. ஆனால் மூடும் பொத்தானோ கீழ்ப்பட்டையோ கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்பது மேசைகள் உண்டு. ஆல்ட், ஷிஃப்ட் இரண்டுடன் ஓர் எண்ணை அழுத்தினால், திறந்திருக்கும் பக்கம் அந்த மேசைக்குப் போய்விடும். எண்ணுக்குப் பதில் அதற்குக் கீழிருக்கும் க்யூவை அழுத்தினால், ஒரு வார்த்தை கேளாமல் மூடிவிடும்.

செவிலியர் அதியேரி பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். அன்றுதான் கடைசி நாள், ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும். பாதியில் சேமிக்க இயலாத அந்தப் படிவத்தை நிரப்ப எங்களுக்கு இரண்டு மணி நேரமாயிற்று. நான்கு இருபதுக்கு நகலெடுக்க வந்த ஒருவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஒருவர் தாள் இன்னொருவர் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. வழக்கம்போல் பக்கத்தை இரண்டாம் மேசைக்கு அனுப்பினேன்.

அவர் போனபின் இரண்டாம் மேசையைத் திறந்தேன். காலியாக இருந்தது.

விரல் க்யூவில் பட்டிருக்குமோ? அராலியைத் தொலைபேசியில் அழைத்தேன். அதியேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெமிகிசா, ஃபார்ம் எங்க?"

எல்லோருக்கும் நான் அமூட்டி; எங்கள் ஊரில் செல்லப்பெயரை விட்டு இயற்பெயரைச் சொல்லி அழைத்தால் கோபம் என்று பொருள். கணினியை அணைத்துத் திரும்பப் போடும்படி அவர் சொன்னார். என் கையும் சுவிட்சுவரை போய்விட்டது. அதற்குள், மூன்றுமுறை எடுக்காத அராலி நான்காம் முறை தொலைபேசியை எடுத்தான்; நடந்ததைச் சொன்னேன்.

"அணைச்சிடாதீங்க அமூட்டி. திரையில மேல நம்பர் வரிசை இருக்குல்ல? எதுக்குப் பக்கத்துல குட்டிக் கட்டம் இருக்கு?"

"அது தூசிடா. தினம் துணியால தொடச்சுக்கிட்டிருக்கேன்."

"போச்சா பாருங்க. போகலேன்னா அந்த மேசையில ஏதோ பக்கம் திறந்திருக்கு."

தேய்த்தேன். போகவில்லை. கட்டம் மூன்றாம் எண்ணருகே இருந்தது.

மூன்றாம் மேசையைத் திறந்தேன். திரை இரண்டாகப் பிரிந்து, இடப்பாதியில் படிவம் முழுதாக நின்றது. உடனே அனுப்பினேன். நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

அதன் பிறகுதான் வலப்பாதியைக் கண்டேன். காலையில் நான் தொலைத்த கடிதம்: கிழவர் அபூலி தம் மகளுக்கு எழுதச் சொன்னது.

அதியேரி பையைத் தோளில் மாட்டினார். முகம் திரையின் பக்கம் இல்லை, ஆனால் படித்துவிட்டார்.

"அபூலி எங்க பக்கத்து வீடுதான், அமூட்டி. லெட்டரை கரன்ட் தின்னுடுச்சுன்னு சொன்னீங்களாமே?"

அன்று காலை மின்சாரம் போகவே இல்லை.

"வரச் சொல்லுங்க," என்றேன். இம்முறை விரலைப் பார்த்துக்கொண்டே, அவர் கண்ணில் படாதபடி கடிதத்தை இரண்டாம் மேசைக்கு அனுப்பினேன்.