மூன்றாம் தேதி, பதினோராம் மாதம்

நவம்பர் 3.
இன்றைய தவறு: சிறியது. நாள் முதலில் வருமா, மாதம் முதலில் வருமா என்று காலண்டர் அமைப்பில் பார்க்காமல் விட்டேன். 3/11 என்பதை அது மார்ச் பதினொன்று என்று படித்துக்கொண்டது. போன மாதக் கடைசியில் சோதித்ததால் தெரியவில்லை. இருபத்தெட்டாவது மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால் 28/10 சரியாக விழுந்தது. திருத்திவிட்டேன்.
நாளை:

அதற்கு மேல் லிசியின் விரல் நகரவில்லை. ரத்த வங்கிக்கு வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து அவள் இதைப் போனில் எழுதிக்கொண்டிருந்தாள். மன்னார்புரத்தில் அவள் போகும் மாலை நேரக் கணினி வகுப்பில் தினமும் இப்படி எழுதச் சொல்லியிருந்தார்கள்: தவறு ஒன்று, மறுநாள் வேலை ஒன்று. இந்த நேரத்தில் யாராவது எழுதுவார்களா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுதினாள்.

கண்ணாடிக்கு அப்பால் தர்மராஜ் சாய்வு நாற்காலியில் கிடந்தார். அவர் கையிலிருந்து போன குழாய் ஒரு இயந்திரத்துக்குள் நுழைந்து, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மிச்ச ரத்தத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தது. மேலே தொங்கிய பையில் மஞ்சள் நிறத்தில் பிளேட்லெட் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டிருந்தது. அது மாடியில் படுத்திருக்கும் அப்பாவுக்கு.

அப்பா இன்னாசிராஜ் ஸ்கூல் வேன் ஓட்டியவர். எலும்பு மஜ்ஜை ரத்தம் செய்வதை நிறுத்திவிட்டது என்றார்கள். மூன்று நாளைக்கு ஒரு பை ஏற்றினால்தான் உள்ளே எங்கும் கசியாது. வேன் ஸ்டாண்டு டிரைவர்கள், பிள்ளைகளின் பெற்றோர், கோயில் ஆட்கள் என்று கொடுக்க முன்வந்தவர்களுக்குக் குறைவில்லை. யார் என்றைக்கு என்பதில்தான் குழப்பம். ஒரே நாளில் நாலு பேர் வந்து நிற்பார்கள், அடுத்த முறை ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

லிசிதான் வழி செய்தாள். ஒரு படிவம், அதில் அவரவர் தேதியைப் போட்டால் அது டேட்டாபேஸில் ஒரு வரியாகும், அந்த வரி காலண்டரில் போய் உட்கார்ந்து, இரண்டு நாள் முன்பே உரியவரின் போனில் மணி அடிக்கும். புரோகிராம் ஒரு வரிகூட எழுதாமல், ஆயத்த ஆப்களை ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டாள்.

"நமக்கு டீசல் விலைதான் பாப்பா ஞாபகம் நிக்கும், தேதி நிக்காது" என்று அப்போது தர்மராஜ் சிரித்தார். அவர் அப்பாவின் ஸ்டாண்டுக்காரர். இருபது வருஷச் சிநேகம்.

"நீங்க ஒண்ணும் ஞாபகம் வெச்சுக்க வேணாம் மாமா. அதுவே கூப்பிடும்."

அப்பா வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "எம்பொண்ணு செஞ்சது. ஸ்கூல் வேன் மாதிரிதான். யார் எந்த ஸ்டாப்புல ஏறணுமோ ஏறிக்குவாங்க."

இன்று காலை ஒருவரும் ஏறவில்லை. நர்ஸ் இரண்டு முறை வந்து கேட்டுப் போனாள். லிசி காலண்டரைத் திறந்தாள். மூன்றாம் தேதி வெள்ளையாக இருந்தது. பெயரைப் போட்டுத் தேடியபோது, வரப்போகும் மார்ச் மாதத்தில் தர்மராஜ் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். போன் போட்டால் அவர் தஞ்சாவூரில், கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். மற்றவர்களில் சிலர் போன வாரம்தான் கொடுத்தவர்கள், சிலர் ஊரில் இல்லை. லிசி ஒவ்வொரு எண்ணாக அழைத்துக் கெஞ்சினாள். தர்மராஜ் வண்டியையும் கூட்டத்தையும் வேறொருவரிடம் விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள், அப்பாவுக்குத் தலைவலி கண்டு, பேச்சு குழற ஆரம்பித்திருந்தது.

"லிசீ!"

அம்மா பேட்ரிசியா மாடிப்படியில் செருப்பில்லாமல் நின்றாள். "அப்பா கண்ண மேல சொருகுறாருடி. வாடி, வந்து கூப்பிட்டுப் பாருடி!"

லிசி கூப்பிட்டாள். அத்தை டோரதி கூப்பிட்டாள். திரையை இழுத்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். தெரு விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது, காப்பாற்ற முடியவில்லை என்றார்.

அம்மா திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். லிசி டாக்டரின் பின்னாலேயே ஓடினாள்.

"சார், காலையிலயே ஏத்தியிருந்தா?"

"சொல்ல முடியாதும்மா."

"ஏத்தியிருந்தாலும் இப்படி ஆகியிருக்கும்தானே சார்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சொல்ல முடியாதும்மா" என்றார்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு பையன் நிறைந்த பையைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, "இன்னாசிராஜ் பேஷண்ட் யாருங்க?" என்று கேட்டான். பின்னால் தர்மராஜ், மடித்த கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வந்தார். பையன் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

மறுநாள் எடமலைப்பட்டி புதூர் வீட்டில் விடிந்ததிலிருந்து தூறல். பந்தல் துணி தண்ணீர் கோத்துத் தொங்கியது. அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் செபமாலை ஒரு பக்கம், டோரதி அத்தையின் குரல் ஒரு பக்கம்.

"இருபது வருஷம் ஒண்ணா டீ குடிச்ச ஆளு. ரத்தம் குடுக்க வெத்தல பாக்கு வெச்சுல்ல அழைக்கணும் போல. என் தம்பி அங்க உசுருக்கு இழுத்துட்டுக் கெடக்குறான், இவரு கல்யாண ட்ரிப்பு அடிக்கிறாரு."

தர்மராஜ் எதிர் வீட்டுச் சுவரோரம் நனைந்துகொண்டு நின்றார். அவருக்குக் கேட்டது. கேட்காத மாதிரி போனை எடுத்து எதையோ மேலும் கீழும் தள்ளித் தேடினார். லிசி தண்ணீர் கொண்டுபோனபோது தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மணி அடிச்சுதா பாப்பா? நாந்தான் கவனிக்காம விட்டுட்டனா? நேத்துலேர்ந்து பாக்குறேன், ஒண்ணும் காணோம். தெரியாம அழிச்சுப்புட்டனோ என்னமோ."

அவள் வாயைத் திறந்தாள். பங்குச் சாமியார் வந்துவிட்டார் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பு முடிந்து சவப்பெட்டியை மூடியதும் ஸ்டாண்டு டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள். தர்மராஜும் வந்து கால்மாட்டில் கைவைத்தார்.

"அண்ணே" என்றாள் அம்மா. நேற்றிலிருந்து அழுது கட்டிப்போன குரல். "நீங்க கைய எடுங்க."

செபம் நின்றது. தர்மராஜ் கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சரி தங்கச்சி. எம்மேல தப்புதான்."

"இல்லம்மா" என்றாள் லிசி. "தேதியில நாள் முன்னாடி போட்டா... அது மாசம்னு எடுத்துக்கிச்சு. அமைப்புல அந்த இடத்த நான்..."

"என்னடி சொல்ற?" என்றாள் டோரதி. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "புள்ள ராத்திரி பூரா தூங்கல. அந்தாளக் காப்பாத்தப் பாக்குது. ஈரமனசு, அவ அப்பன் மாதிரியே" என்று லிசியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

தோள் சூடாக இருந்தது. அப்படியே இருந்துவிடலாம். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். தர்மராஜ் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

லிசி தலையை எடுத்தாள்.

"மாமாவுக்கு நான் சொல்லவே இல்லம்மா. சொல்லிட்டேன்னு நெனச்சுட்டே இருந்துட்டேன். ஞாபகம் வெச்சுக்க வேணாம்னு சொன்னதும் நாந்தான். அவரு மறக்கல."

இது எல்லோருக்கும் புரிந்தது.

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பி, "அண்ணே, தலைமாட்டுப் பக்கம் பிடிங்க" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் இரண்டு நாள் முன்பு கல்லறைத் திருநாளுக்கு வைத்த செவ்வந்தி மாலைகள் ஒவ்வொரு சிலுவையிலும் ஊறிக் கிடந்தன. குழிக்குள் முதல் பிடி மண்ணை அம்மா போட்டாள். அடுத்து லிசிக்கு இடம்விட்டு விலகினாள், கையைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் வந்தவர்கள் போனபின் வீடு நாற்காலிகளாக நிறைந்திருந்தது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். லிசி டீ போட்டுப் பக்கத்தில் வைத்தாள். ஆடை கட்டியதும் எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி போட்டாள்.

போன் ஒரு முறை ஒலித்து மினுங்கியது. ஸ்ரீரங்கத்து வேணி டீச்சரின் மெசேஜ். அவர் மகளை அப்பாதான் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். "மணி அடிச்சுது லிசி. ஆறாம் தேதி காலைல கரெக்டா வந்துடறேன். வெறும் வயித்தோட வரக்கூடாதுல்ல? அப்பாவ தைரியமா இருக்கச் சொல்லு."

நேற்று பெஞ்சில் உட்கார்ந்து திருத்தியது. 6/11, இரண்டு நாள் முன்பு, சரியாக அடித்திருக்கிறது.

"யாரு?" என்றாள் அம்மா, திரும்பாமல். காலையிலிருந்து அவளிடம் பேசிய முதல் சொல்.

"வேணி டீச்சர்மா. வியாழக்கிழமை வரேங்குறாங்க."

அம்மா கையை மட்டும் நீட்டி, டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

லிசி குறிப்பைத் திறந்தாள்.

நவம்பர் 4.
நாளை: வேணி டீச்சர் ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் போன் செய்து, வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். மெசேஜ் வேண்டாம்.