சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர்

"எம் புருஷன் மூஞ்சியத் திருப்பிக் குடுடி! இல்லாட்டி இன்னைக்கே ஒன் டியூஷன இழுத்து மூடிருவேன்."

"நானா எடுத்தேன்? ஃபாதர்னா டெய்லி சாயங்காலம் வீட்டுக்கு வர்றவர்னு பொஸ்தகத்துல போட்டுருக்கு, சொல்லிக் குடுத்தேன். ஒங்க வீட்டுக்கு யாரு வர்றாங்கன்னு நீங்கதாங்க்கா பாத்துக்கணும்."

அன்னவாசலில் செல்வராணியும் டியூஷன் டீச்சர் அன்புமொழியும் இப்படிக் கத்திக்கொண்டது, செல்வராணியின் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை முகம் மாறிப்போன மறுநாள். வேட்டியும் மாலையும் பழையவைதான். முகம் மட்டும் மாடியில் வாடகைக்கு இருந்த கோபிநாத்துடையது. அவன் செல்போன் கடையில் வேலை பார்ப்பவன், ஆறு மணிக்கு டாண் என்று வந்துவிடுவான். அசல் மாப்பிள்ளை சரவணக்குமார் மஸ்கட்டில் இருந்தார். இங்கிலீஷ் வார்த்தைக்குப் பிள்ளைகள் சேர்ந்து கத்திப் பொருள் சொன்னால் தெருவில் அது அப்படியே ஆகிவிடுவது பழகிப்போன விஷயம்தான். 'டாக் என்றால் வீட்டைக் காப்பது' படித்த வாரம், தெருநாய்கள் ஆளுக்கொரு வாசலைப் பிடித்துக்கொண்டு போஸ்ட்மேனை விடவில்லை. அதற்கெல்லாம் யாரும் சண்டைக்குப் போகவில்லை. இது குடும்ப விஷயம்.

வீடியோ காலில் அப்பாவைப் பார்த்த மகள் கலைமதி, "அம்மா, யாரோ ஒரு அங்கிள்" என்று போனை நீட்டிவிட்டு மாடியைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டாள். அதற்குச் சரவணக்குமார் செல்வராணியைக் கேட்ட கேள்வி நாலு வீடு தள்ளியும் கேட்டது, எழுதும்படியாக இல்லை. 'ஃபாதர் என்றால் போனில் பேசுகிறவர்' என்று பிள்ளைகளை ஒரு வாரம் கத்த வைத்தும் பார்த்தார்கள். முதலில் படித்தது அழியவில்லை. கோபிநாத்தைக் காலி பண்ண வைத்தாள் செல்வராணி. போட்டோவில் முகமே இல்லாமல் மாலைக்கு மேல் வெறும் சுவர் தெரிந்தது.

கடைசியில் சரவணக்குமார் வேலையை விட்டுவிட்டு வந்தார். ஒரு சாயங்காலம் கோபமாகத்தான் படியேறினார். அந்த முகமே போட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டது. கல்யாணத்தன்றே பெண்டாட்டியை முறைத்துக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளையை அங்கே இன்றும் பார்க்கலாம். இப்போது அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சவாரி இருந்தாலும் பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

அன்புமொழியைக் கோபிநாத் கட்டிக்கொண்டு கீரனூர்ப் பக்கம் குடிபோய்விட்டான். அது எப்போது தொடங்கியது என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. மொய் எழுதாவிட்டால் ஊர் பேசும் என்று அந்தக் கல்யாணத்துக்குப் போன சரவணக்குமார் திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. கதவைத் திறந்த கலைமதி, "யாருங்க வேணும்?" என்றாள்.

"நாளைக்கு வரச் சொல்லுடி" என்றாள் செல்வராணி உள்ளேயிருந்து.

அவர் ஆட்டோவிலேயே படுத்துக்கொண்டு மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.