பேசினுக்குச் சொந்தக்காரி

சனாத்து வடக்கிலிருந்து தலைநகர் அக்ராவுக்கு வந்து இரண்டாம் நாள். அவளுக்கு முதல் சுமை.

அலுமினியப் பேசினைத் தலையில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. அரிசி, வள்ளிக்கிழங்கு, மேலே உறைந்த கோழிப் பெட்டி. பெட்டி கசிந்து, சும்மாட்டை நனைத்து, கழுத்தில் இறங்கியது.

"சுமை குடுக்குற அம்மா துணியிலயே கண்ணு இருக்கட்டும்" என்று அஸாரா சொல்லியிருந்தாள். சொந்த ஊர்க்காரி, மூன்று வருடமாக இங்கே 'காயா', கூலிக்குச் சுமக்கிறவள். "வேடிக்கை பாத்த, தொலைஞ்ச. சுமையோட தொலைஞ்சா திருடின்னுதான் சொல்வாங்க."

திருடர்களை இந்த ஊர் என்ன செய்யும் என்று நேற்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பார்த்துவிட்டாள். செருப்பால் தொடங்கினார்கள். முடிவை அவள் பார்க்கவில்லை.

நீலத் துணி, அதில் அச்சிட்ட மஞ்சள் பறவைகள். மக்கோலாச் சந்தையில் அவள் பார்த்தது அவ்வளவுதான். பறவைகள் வேகமாகப் போயின.

"வழி விடு, வழி விடு. கால் போயிரும்" என்று தள்ளுவண்டிக்காரன் கத்தினான். சாக்கடை ஓரம் ஒதுங்கினாள். நிமிர்ந்தபோது பறவைகள் கொஞ்சம் முன்னால் தெரிந்தன. பின்தொடர்ந்தாள். மிளகாய் அரைக்கும் இடம், கருவாட்டுக் கடைகள், பெரிய சாலை.

பறவைகள் நின்றன.

"என்ன காயா, என் பின்னாடியே வர்ற? எங்கிட்ட சுமை இல்லியே."

மெல்லிய குரல். சுமை ஏற்றியவளுக்குக் கரகரத்த குரல்.

அந்தப் பெண்ணைச் சுற்றி இன்னும் நான்கு பெண்கள். எல்லார் மேலும் அதே நீலம், அதே பறவைகள். ஏதோ சபையின் ஆண்டு விழா. ஒரே துணியில் வெட்டித் தைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு சனாத்துவின் ஊரிலும் அப்படித்தான் உடுத்துவார்கள். ஒரே துணியில் பலர் இருப்பார்கள் என்று அவளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். சுமை கொடுத்தவள் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

"யாரு சுமை அது?"

இவர்கள் பேச்சு அவளுக்குப் புரியும், பேச வராது. "அம்மா... நீலம்" என்றாள்.

"நாங்க எல்லாருமே நீலந்தாண்டி" என்று குண்டாக இருந்தவள் சிரித்தாள். "எது வேணுமோ பொறுக்கிக்கோ."

"சுமையோட நழுவுற கூட்டம்" என்றபடி பக்கத்துச் செருப்புக் கடைக்காரன் எழுந்தான். "விட்டுராதீங்க."

இரண்டு ஆண்கள் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பேசினோடு ஓட முடியாது. தனியாக இறக்கவும் முடியாது. கீழே போட்டால் திருட்டை ஒப்புக்கொண்ட மாதிரி. இறக்க யாரும் கை கொடுக்கவில்லை.

"இருங்கப்பா" என்றாள் குண்டுப் பெண். "இந்தத் துணின்னா நம்ம சபைக்காரிதான்." போனை எடுத்தாள். ஒருத்தியிடம் கேட்டாள். இன்னொருத்தியிடம் கேட்டாள். மூன்றாவதில், "எஃபுவா அக்கா, உன் கோழி இங்க ஒழுகிக்கிட்டு நிக்குது. சீக்கிரம் வா."

கழுத்தில் வழிந்த நீர் வெதுவெதுப்பானது. செருப்புக் கடைக்காரன் உட்காரவில்லை.

எஃபுவா மூச்சிரைக்க வந்தாள். இப்போது சனாத்து முகத்தைப் பார்த்தாள். அகன்ற முகம், முன்பல்லில் இடைவெளி, கன்னமெல்லாம் வியர்வை. எஃபுவா எம்பி நின்று பேசினுக்குள் கைவிட்டுத் துழாவினாள். அரிசி மூட்டையை அழுத்தினாள். கிழங்குகளைத் தொட்டு எண்ணினாள்.

"எல்லாம் இருக்கு" என்றாள் மற்றவர்களிடம். "கொண்டுட்டே போயிட்டாள்னு நெனச்சேன்."

கடைக்காரன் உட்கார்ந்தான்.

"முன்னாடி நட" என்றாள் எஃபுவா. "இனி நான்தான் பின்னாடி."

"அம்மா, வழி..."

"நடடி."

சாலை மூன்றாகப் பிரிந்தது; எதில் போவது என்று அவளுக்குத் தெரியாது. எதிரே வேன்கள் நெருக்கியடித்து நின்றன. பேசினோடு தலையைத் திருப்ப முடியாது. பின்னால் செருப்புச் சத்தம் வருகிறதா என்று கேட்டபடியே சனாத்து நடந்தாள்.