நெஞ்செரிச்சலுக்கு அஞ்சிய உறைபனி

பேத்துப்பாறை வீரம்மாள் ஏப்பம் விட்டால் சுற்றி ஒரு ஏக்கருக்கு உறைபனி இறங்காது. மார்கழியில் மலைமேல் அட்டுவம்பட்டிப் பக்கம் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடக்கும். அவள் கூலிக்குப் போகும் சேனாதிபதியின் பீன்ஸ் தோட்டம் மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும். ஊருக்கு இதில் பெரிய வியப்பில்லை. அந்தத் தோட்டத்து வழக்கம் தெரிந்ததுதானே: ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போகிற லாரியில் கடைசி மூட்டை ஏறும்வரை எந்தப் பொம்பளையும் தூக்குச்சட்டியைத் திறக்கக் கூடாது. சாயங்காலம்வரை வெறும் வயிற்றில் கடுங்காப்பி, அப்புறம் ஆறிய சோற்றில் காரக்குழம்பு, தின்ற கையோடு படுக்கை. வருடக்கணக்கில் இப்படிப் போனால் யாருக்கும் நெஞ்சு எரியத்தான் செய்யும். வீரம்மாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக எரிந்தது, அவ்வளவுதான்.

சேனாதிபதி விவரமான ஆள். தோட்டத்து நடுவிலேயே தகரக்கொட்டகை போட்டு அவளைக் குடிவைத்தார். தினமும் மிளகாய் பஜ்ஜியும் ஊறுகாயும் கொடுத்தனுப்பினார். தாராள மனசு என்று நாயுடுபுரம் டீக்கடையில் மெச்சினார்கள். அவளுடைய நாத்தனார் ஜோதிமணிக்குத்தான் வாய் சும்மா இருக்காது. “மதினி, நீ எரிஞ்சாத்தான் அவரு பீன்ஸு குளுராமக் கெடக்கும்” என்பாள். வீரம்மாள் சிரிப்பாள், சிரிப்போடு புளித்தண்ணீரும் தொண்டைக்கு ஏறும். ஓமத்தண்ணீர், இஞ்சிச்சாறு, கோலிசோடா எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் சோறே இறங்காமல் நெஞ்சில் நின்றபோது பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். வாய்வழியே விட்ட கேமரா ஆவி படிந்து வெளியே வந்தது. டாக்டர் சௌம்யா அதைத் துடைத்துக்கொண்டே, வயிற்று அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிட்டது என்றார். “மாத்திர தர்றேன். ஆனா நேரத்துக்குச் சாப்பிடலைன்னா கஞ்சிகூட எறங்காதும்மா.”

மறுநாள் உச்சிவெயிலில், பாதிப் பறிப்பில், வீரம்மாள் வரப்பில் சம்மணமிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தாள். ரசஞ்சோற்று வாசனை தோட்டம் முழுக்கப் போனது. சேனாதிபதி ஓடிவந்தார்.

“ஏ வீரம்மா, லோடு போகணும். வெரசா எந்திரி!”

“போகட்டுங்க மொதலாளி. எனக்கு இப்பப் பசிக்குது.”

“உன் எரிச்சல் நின்னு பனி விழுந்துச்சுன்னா? செடி கருகுனா யாரு பொறுப்பு?”

“தோட்டம் உங்களுது. வேணும்னா நீங்க எரியுங்க” என்று அடுத்த கவளத்தை உருட்டினாள். ஜோதிமணி தன் சட்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு வரப்பு முழுக்கப் பொம்பளைகள்தான். லாரி ஆரன் அடித்தடித்து ஓய்ந்தது.

தை பிறக்குமுன் எரிச்சல் அடங்கி, வீரம்மாள் பேத்துப்பாறைக்கே குடி திரும்பினாள். தோட்டத்தில் பனி இறங்கி, பீன்ஸ் வெந்நீர் ஊற்றினாற்போலக் கருகியது. ஆட்களைத் துரத்தலாமென்றால், பறிக்க வேறு கை கிடைக்காத காலம். சேனாதிபதி யோசித்தார். அன்றிலிருந்து கடைசி மூட்டை ஏறும்வரை சோற்றைத் தொடாமல் அவரே கடுங்காப்பி குடிக்கத் தொடங்கினார். அடுத்த மார்கழிக்குள் முதல் புளியேப்பம் வந்துவிட்டது. அதைக் கேட்டு அவர் சம்சாரம் சூடம் ஏற்றியதாகப் பேச்சு.

இப்போது தகரக்கொட்டகையில் அவர்தான் படுக்கிறார். தோட்டம் பச்சையாக நிற்கிறது. உச்சிவேளையில் பொம்பளைகள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மனசு கேட்காமல் வீரம்மாள் மட்டும் எப்போதாவது, “ஒரு வாய் சாப்பிடுங்க மொதலாளி” என்று கூப்பிடுவாள். அவர் நெஞ்சை நீவியபடி வானத்தைப் பார்ப்பார்.

“லோடு போகட்டும் வீரம்மா.”

அவளும் வற்புறுத்துவதில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போகிறாள்.